காண்டிராக்ட் தொழிலும் கேஸ் ஷீட்டும்

சர்க்கரை வியாதி, இரத்தக் கொதிப்பு, கோடையில் நீர் அருந்தும் முறை என்று இந்தப் பக்கங்களில் எழுதி வந்தவன் நான். இம்முறை காண்டிராக்ட் தொழிலைப் பற்றி எழுத விரும்புகிறேன். வைத்தியருக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நான் வக்கீலும் அல்ல, இன்ஜினீயரும் அல்ல. ஆனால் இந்த வளைகுடா நாட்டில் என்னிடம் வைத்தியத்துக்கு வரும் நம்மவர்களில் கட்டடத் தொழிலில் இருப்பவர்கள் ஏராளம். ஐம்பது வயதுக்குள்ளேயே நெஞ்சில் பாரம், இரவில் தூக்கமின்மை, எந்த மாத்திரைக்கும் இறங்காத இரத்தக் கொதிப்பு. "மனதில் ஏதாவது கவலையா?" என்று மெல்லக் கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது: "ஆறு மாதமாகப் பில் பணம் வரவில்லை டாக்டர்."

இந்த நோய்க்கு என் அலமாரியில் மருந்து இல்லை. ஆனால் இதை வராமல் தடுக்க முடியும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

இவர்கள் யார் என்பது நமக்குத் தெரியும். கொத்தனாராகவோ, தச்சராகவோ, கம்பி கட்டுபவராகவோ ஊரிலிருந்து வந்தவர்கள். பத்துப் பதினைந்து வருஷம் வெயிலில் நின்று ஃபோர்மேன் ஆனவர்கள். பிறகு துணிந்து ஒரு லைசென்ஸ் எடுத்து, முப்பது நாற்பது பேரை வைத்துக்கொண்டு, பெரிய கம்பெனியிடம் சப்-காண்டிராக்ட் எடுப்பவர்கள். பிளாக் வேலை, பூச்சு வேலை, டைல்ஸ், பிளம்பிங், எலக்ட்ரிகல், ஏ.சி. டக்ட் என்று எதைக் கொடுத்தாலும் சுத்தமாக முடிப்பவர்கள். தொழில் தெரியாமல் நஷ்டப்பட்டவரை நான் பார்த்ததே இல்லை எனலாம். செய்த வேலைக்கு எழுத்து இல்லாமல் நஷ்டப்பட்டவரைத்தான் அடிக்கடி பார்க்கிறேன்.

அன்றன்று எழுதுவது

ஆஸ்பத்திரியில் எங்களுக்கு முதலில் கற்பிக்கப்படும் பாடம் ஒன்று உண்டு. கேஸ் ஷீட்டில் எழுதாத சிகிச்சை, செய்யாத சிகிச்சைக்குச் சமம். ஊசி போட்டது வாஸ்தவமாக இருக்கலாம், நர்ஸ் கண்ணால் பார்த்திருக்கலாம். ஆனால் மணியும் தேதியும் போட்டு எழுதி வைக்கவில்லை என்றால், நாளை ஒரு கேள்வி வரும்போது அந்த ஊசி போடப்படவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். கட்டடத் தொழிலிலும் நிலைமை இதுவே.

இங்கே பெரிய வேலைகளுக்கான ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை 'ஃபிடிக்' என்ற சர்வதேச இன்ஜினீயர்கள் சம்மேளனத்தின் மாதிரியைத் தழுவியவை. அந்தச் சம்மேளனம் 1913ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அதன் கட்டட ஒப்பந்த மாதிரி முதன்முதலில் 1957இல் வெளிவந்தது. சிவப்பு அட்டையில் வந்ததால் 'ரெட் புக்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. அதன் 1999ஆம் ஆண்டுப் பதிப்பில் ஒரு விதி இருக்கிறது. வேலை தாமதமானதற்கோ கூடுதல் செலவுக்கோ காண்டிராக்டர் ஏதாவது கோர நினைத்தால், அதற்குக் காரணமான சம்பவம் தெரிய வந்த 28 நாட்களுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். கொடுக்கத் தவறினால் கூடுதல் நாளும் இல்லை, கூடுதல் பணமும் இல்லை. 2017ஆம் ஆண்டுப் பதிப்பிலும் அதே 28 நாள் கெடு தொடர்கிறது.

சப்-காண்டிராக்டருக்கு இந்தக் கெடு இன்னும் குறுகலாக இருக்கும். மெயின் காண்டிராக்டர் தன் 28 நாட்களுக்குள் மேலே எழுத வேண்டும் அல்லவா? அதற்காகக் கீழே இருப்பவருக்கு 14 நாள், 7 நாள் என்று கூடச் சுருக்கிவிடுவார்கள். இதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்?

ஓர் உதாரணம் சொல்கிறேன். டிராயிங் மாறுகிறது. கட்டி முடித்த சுவரை இடித்துவிட்டு இரண்டடி தள்ளிக் கட்டச் சொல்கிறார் சைட் இன்ஜினீயர். "செய்யுங்கள் பாய், பின்னால் வேரியேஷனில் போட்டுத் தருகிறேன்" என்கிறார். நம்மவர் மறுபேச்சுப் பேசாமல் எட்டு ஆட்களை விட்டு இரண்டே நாளில் முடித்துக் கொடுக்கிறார். நாலு மாதம் கழித்து அந்த இன்ஜினீயர் வேலையை விட்டுப் போய்விடுகிறார். புதிதாக வந்தவர், "இதற்கு எழுத்தில் உத்தரவு எங்கே?" என்று கேட்கிறார். இடித்த சுவர் குப்பை லாரியில் போய்விட்டது. சாட்சி சொல்ல வேண்டிய கொத்தனார் லீவில் ஊருக்குப் போயிருக்கிறார். என்ன செய்வது?

அன்று மாலையே இரண்டு வரி ஈமெயில் அனுப்பியிருந்தால் போதும். "இன்ன தேதியில், இன்ன தளத்தில், இன்னாருடைய உத்தரவின்படி இந்தச் சுவரை இடித்துக் கட்டினோம். ஆட்கள் எட்டு, நாட்கள் இரண்டு, பிளாக் இத்தனை. போட்டோ இணைத்துள்ளோம்." இவ்வளவுதான். பெரிய ஆங்கிலம் தேவையில்லை. தினம் ஒரு சைட் டயரி எழுதுங்கள். வந்த ஆட்கள் எத்தனை, வந்த சாமான் என்ன, எந்த இடம் நமக்கு ஒப்படைக்கப்படவில்லை, யார் என்ன சொன்னார், வேலை ஏன் நின்றது என்று பத்து வரி எழுதினால் போதும். ஆயுத பூஜை அன்று கணக்குப் புத்தகத்துக்குச் சந்தனப் பொட்டு வைக்கும் நாம், மற்ற நாட்களில் அதைத் திறக்காமல் இருந்தால் பூஜை செய்து என்ன பிரயோஜனம்?

"கடிதம் எழுதினால் விரோதம் வராதா?"

இதைச் சொன்னால் பெரும்பாலோர் கேட்கும் கேள்வி இதுதான். "டாக்டர், நீங்கள் சொல்வது சரி. ஆனால் நோட்டீஸ், நோட்டீஸ் என்று எழுதிக்கொண்டிருந்தால் அடுத்த வேலை கொடுக்க மாட்டார்கள். இந்தத் தொழில் முகத்துக்காக நடப்பது."

இந்தப் பயத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. முகத்தாட்சண்யம் பெரிய விஷயம். ஆனால் சற்று யோசித்துப் பாருங்கள். நோயாளி மீது நம்பிக்கை இல்லாததால் டாக்டர் கேஸ் ஷீட் எழுதுவதில்லை. எழுதுவது அவருடைய முறை, அவ்வளவுதான். நோயாளியும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. மேலும், மெயின் காண்டிராக்டரும் தனக்கு மேலே இருப்பவருக்கு இதே போன்ற நோட்டீஸ் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். அதற்கென்றே தனி இலாகாவும் ஆட்களும் வைத்திருக்கிறார். உங்கள் கடிதம் அவருடைய கோரிக்கைக்கும் ஆதாரமாக அமையும். மரியாதையான வார்த்தைகளில், முதல் மாதத்திலிருந்தே ஒழுங்காக எழுதி வருபவரிடம் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ஒரு வருஷம் மௌனமாக இருந்துவிட்டு, கடைசியில் திடீரென்று பெரிய தொகையைக் கேட்பவரிடம்தான் விரோதம் வருகிறது.

கையெழுத்துப் போடுமுன்

ஆபரேஷனுக்கு முன் சம்மதப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறோம். படித்துப் பார்த்துப் போடுங்கள் என்று நான் சொல்வேன். ஒப்பந்தத்திலும் ஐந்து இடங்களையாவது படித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, பணம் எப்போது வரும் என்பது. "மேலிருந்து எங்களுக்கு வந்த பிறகே உங்களுக்கு" என்ற வாசகம் இருக்கிறதா என்று பாருங்கள். பிரிட்டனில் இத்தகைய வாசகத்தை 1996ஆம் ஆண்டுச் சட்டமே செல்லாது என்று ஒதுக்கியது. மேலே உள்ளவர் திவாலான சந்தர்ப்பம் மட்டும் விலக்கு. இங்கே நிலை வேறு. அமீரக நீதிமன்றங்கள் பல வருஷங்களாக இந்த வாசகத்தை மதித்தே வந்திருக்கின்றன. எனவே குறைந்தபட்சம், "இத்தனை நாளுக்கு மேல் தாமதமானால் எப்படியும் கொடுக்க வேண்டும்" என்று ஒரு வரம்பாவது கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது, கட்டடச் சொந்தக்காரரிடம் நேரே போய்க் கேட்கலாம் என்ற எண்ணம் வேண்டாம். அமீரகத்தின் 1985ஆம் ஆண்டுச் சிவில் சட்டம், சப்-காண்டிராக்டர் தனக்கு வேலை கொடுத்த காண்டிராக்டரிடம்தான் பணம் கேட்கலாம், அவர் அந்த உரிமையை எழுதிக் கொடுத்தாலொழிய சொந்தக்காரரிடம் கேட்க முடியாது என்று வகுத்தது. ஆகவே உங்களுக்குப் பணம் தரவேண்டியவர் யார், அவர் யோக்கியதை என்ன என்பதை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, தாமதத்துக்கான அபராதம். மொத்தக் கட்டடத்துக்கும் உள்ள தினசரி அபராதத்தை ஒரு பூச்சு வேலைக்காரர் தலையில் அப்படியே இறக்கும் ஒப்பந்தங்கள் உண்டு. அபராதம் உங்கள் வேலையின் மதிப்பில் இத்தனை சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று எல்லை கட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

நான்காவது, பாங்க் கியாரண்டி. பொதுவாக 10 சதவீதத்துக்குக் கேட்பார்கள். "முதல் கோரிக்கையிலேயே கொடுக்கப்படும்" என்று அதில் எழுதியிருந்தால், யார் பக்கம் நியாயம் என்று பாங்க் விசாரிக்காது. கேட்ட அன்றே கொடுத்துவிட்டு உங்கள் கணக்கில் பற்று எழுதிவிடும்.

ஐந்தாவது, பாஷை. ஒப்பந்தம் அரபியிலும் ஆங்கிலத்திலும் இருந்து இரண்டும் மாறுபட்டால், அமீரகத்தின் சாதாரண நீதிமன்றங்களில் அரபி வாசகமே நிற்கும். அரபி தெரிந்த ஒருவரிடம் காட்டி ஒப்பிட்டுப் பார்க்கும் செலவு, ஒரு நாள் சிமெண்ட் செலவை விடக் குறைவு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிறருடைய லைசென்ஸில் வாய்ப்பேச்சாக வேலை எடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பில் பணம் லைசென்ஸ்காரர் கணக்குக்குத்தான் போகும். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவருக்கு ஒரு வழக்கோ மரணமோ நேர்ந்தால் உங்கள் பங்கை எதைக் காட்டிக் கேட்பீர்கள்? முன்பு கம்பெனியில் 51 சதவீதம் உள்நாட்டவர் பெயரில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. 2021 ஜூன் முதல் பெரும்பாலான தொழில்களுக்கு அது தளர்த்தப்பட்டுவிட்டது. சொந்தப் பெயரில் செய்யும் வழி திறந்திருக்கும்போது வாய்ப்பேச்சை நம்பி இறங்குவது வேண்டாத துணிச்சல்.

லாபம் எங்கே இருக்கிறது?

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 2,00,000 திர்ஹாம் வேலை, பத்து மாதம், மொத்தம் 20,00,000 திர்ஹாம் என்று வைத்துக்கொள்வோம். ஆள், சாமான், கேம்ப் வாடகை எல்லாம் சேர்த்து மாதச் செலவு 1,80,000. லாபம் 10 சதவீதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஒவ்வொரு பில்லிலும் 10 சதவீதம் ரிடென்ஷன் பிடிப்பார்கள். பில் கொடுத்து 90 நாளில் பணம். ஜனவரி வேலைக்கு ஜனவரி முடிவில் பில் கொடுத்தால், காசு கைக்கு வரும்போது ஏப்ரல் முடிந்துவிடும். அதற்குள் நாலு மாதச் செலவான 7,20,000 திர்ஹாம் உங்கள் கையிலிருந்து போயிருக்கும். முதல் வரவு 1,80,000 மட்டுமே. போதாததற்கு, 2018 ஜனவரி முதல் 5 சதவீத வாட் வரி. பில் போட்டுவிட்டால், பணம் வருவதற்கு முன்பே வரியைக் கட்ட வேண்டிய நிலையும் வரும்.

அதோடு போகவில்லை. மாதா மாதம் வருவது 1,80,000, மாதச் செலவும் 1,80,000. அப்படியானால் லாபம் எங்கே? முழு லாபமும், அதாவது 2,00,000 திர்ஹாமும், ரிடென்ஷனில் உட்கார்ந்திருக்கிறது. அதில் பாதி வேலை ஒப்படைத்த பிறகு. மறு பாதி சாதாரணமாக இன்னும் ஒரு வருஷம் கழித்து. 'ஒப்படைப்பது' என்றால் உங்கள் பிளாக் வேலையை அல்ல, முழுக் கட்டடத்தையும் என்று ஒப்பந்தம் சொல்லுமானால், காத்திருப்பு இன்னும் நீளும். ஆக, பத்து மாதம் பாடுபட்டவருக்கு அந்தப் பத்து மாதத்தில் ஒரு திர்ஹாம் கூட லாபமாகக் கைக்கு வரவில்லை. ஆனால் அதை லாபம் என்று நம்பி ஊரில் மனை வாங்க அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்! மூன்று வருஷம் கழித்து ரிடென்ஷனைக் கேட்டு எழுத வேண்டும் என்பதையே சிலர் மறந்துவிடுகிறார்கள்.

ரிடென்ஷனுக்குத் தனியாக ஒரு பக்கம் ஒதுக்கி, எந்த வேலை, எவ்வளவு, எந்தத் தேதியில் கேட்கலாம் என்று எழுதி வையுங்கள். நாலு மாதச் செலவுக்கு வழி இல்லாமல் அந்த அளவு வேலையைத் தொடாதீர்கள். சின்ன வேலையாக எடுத்துச் செய்வதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை.

பெரிய கம்பெனி என்ற நம்பிக்கை

"அவ்வளவு பெரிய கம்பெனி நம் பணத்தையா சாப்பிட்டுவிடப் போகிறது?" என்று கேட்பவர்கள் உண்டு. பெரிய கம்பெனிக்குக் கெட்ட எண்ணம் இல்லாமலே கூட அது விழுந்துவிடலாம். 1975இல் துபாயில் தொடங்கிய அராப்டெக், உலகிலேயே உயரமான 828 மீட்டர் புர்ஜ் கலீபாவைக் கட்டிய கூட்டணியில் ஒரு பங்காளி. அதன் பங்குதாரர்கள் 2020 செப்டம்பர் 30 அன்று கம்பெனியைக் கலைக்க முடிவு செய்தார்கள். சவூதி ஓஜர் என்ற மாபெரும் ஸ்தாபனம் 2016இல் சம்பளம் கொடுக்க முடியாமல் தடுமாறியது. ஜெத்தா கேம்ப்களில் நம் நாட்டுத் தொழிலாளர்கள் உணவுக்கே தவித்தார்கள். இந்திய அரசின் மந்திரி நேரில் போக வேண்டி வந்தது. 2017இல் அந்தக் கம்பெனி மூடப்பட்டது. பிரிட்டனின் கரிலியன், வளைகுடாவிலும் வேலைகள் எடுத்த பெரிய ஸ்தாபனம். சப்ளையர்களுக்கு 120 நாள் தவணை வைத்திருந்த அது, 2018 ஜனவரி 15 அன்று திவாலானது.

கம்பெனி விழுந்த பிறகு, நான் மேலே சொன்ன டயரியும் நோட்டீஸும் பாக்கிக்காரர்கள் வரிசையில் உங்களுக்கு ஓர் இடம் பிடித்துத் தரும். முழுப் பணத்தையும் மீட்டுத் தரும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆகவே எழுத்தோடு இன்னொரு கட்டுப்பாடும் வேண்டும். ஒரே கம்பெனியிடம் இவ்வளவுக்கு மேல் பாக்கி நிற்க விடமாட்டேன் என்று முதலிலேயே ஓர் எல்லையை நிர்ணயித்துக்கொள்ளுங்கள். அந்த எல்லையை எட்டியதும், ஒப்பந்தம் அனுமதிக்கும் வழியில் நோட்டீஸ் கொடுத்து வேலையின் வேகத்தைக் குறைப்பதா நிறுத்துவதா என்று வக்கீலைக் கேட்டு முடிவு செய்யுங்கள். கேட்காமல் திடீரென்று ஆட்களை இழுத்துக்கொண்டால் தப்பு உங்கள் தலையில் விழும். பழைய பாக்கியை வாங்குவதற்காகவே புதிய வேலையை ஏற்பது, காய்ச்சல் தணிய ஐஸ் தண்ணீரில் குளிப்பது போல. சுகம் போலத் தெரியும், பிறகுதான் வினை.

செக்கும் ஜாமீனும்

அமீரகத்தில் செக் திரும்பினால் சிறை என்று முன்பு பயந்திருந்தோம். 2022 ஜனவரி 2 முதல் நிலை மாறியது. கணக்கில் பணம் இல்லாமல் செக் திரும்புவது மட்டும் பொதுவாகக் குற்ற வழக்காவதில்லை. ஆனால் இதைக் கேட்டுவிட்டு, "இனி பயமில்லை" என்று செக்கை அள்ளிக் கொடுக்கிறார்கள் சிலர். அது பெரிய ஆபத்து. திரும்பிய செக்கை வைத்துக்கொண்டு வழக்காடாமலே, நிறைவேற்று நீதிமன்றத்துக்கு நேராகப் போகலாம் என்று அதே திருத்தம் வழி செய்தது. கணக்கு முடக்கம், பயணத் தடை என்று காரியங்கள் வேகமாக நடக்கும். கணக்கில் உள்ள அளவு பணத்தைப் பாங்க் பகுதியாகவேனும் கொடுத்தாக வேண்டும். வேண்டுமென்றே கணக்கை மூடுவது, காரணமின்றிப் பணம் கொடுக்காதே என்று பாங்குக்கு உத்தரவிடுவது, கையெழுத்தை மாற்றிப் போடுவது போன்றவை இன்னமும் குற்றமே.

ஆகவே தேதி போடாத 'செக்யூரிட்டி செக்' கொடுத்தால், அது எந்தக் கடனுக்கு, எந்த நிபந்தனையில், எப்போது திருப்பித் தரவேண்டும் என்று தனிக் கடிதத்தில் எழுதி எதிராளியின் கையெழுத்தை வாங்குங்கள். கணக்கு முடிந்த அன்றே செக்கைத் திரும்ப வாங்குங்கள். கம்பெனியின் செக்குகளில் கையெழுத்திடும் அதிகாரம் பெற்ற நம் மேனேஜர்களும் அக்கவுண்டண்டுகளும், வேலையை விட்டு விலகும் நாளன்று பாங்குக்கு எழுத்தில் தெரிவித்துத் தம் பெயரை நீக்கிக்கொள்ள வேண்டும்.

எல்.எல்.சி. கம்பெனி என்றால் போட்ட மூலதனத்தோடு பொறுப்பு முடிந்துவிடும் என்று நினைக்கிறோம். சிமெண்ட் கடைக்கும் பாங்குக்கும் சொந்த ஜாமீன் எழுதிக் கொடுத்துவிட்டால் அந்தப் பாதுகாப்புப் போய்விடும். ஊரில் மனைவியின் நகையும், அப்பா வைத்துவிட்டுப் போன நிலமும் அந்த ஒரு கையெழுத்துக்குப் பின்னால் நிற்கின்றன. ஜாமீனுக்குக் கையெழுத்திடுமுன் வீட்டில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். சிநேகிதத்துக்காகப் பிறர் கடனுக்கு ஜாமீன் போடுவதை அறவே தவிர்ப்பது நல்லது. கையில் இருப்பதைக் கொடுத்து உதவுங்கள், கையெழுத்தைக் கொடுக்காதீர்கள்.

நமக்குக் கீழே இருப்பவர்கள்

இதுவரை மேலிருந்து வரவேண்டியதைப் பற்றிச் சொன்னேன். கீழே கொடுக்க வேண்டியதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை.

மேலே பணம் வரவில்லை என்பது தொழிலாளிக்குச் சொல்லக்கூடிய காரணமே அல்ல. சட்டமும் அதை ஏற்காது. அமீரகத்தில் 2009 முதல் சம்பளம் பாங்க் வழியாகப் பதிவாகிறது. தவறினால் புதிய ஆட்களுக்கு அனுமதி நின்றுவிடும். ஆள் எடுத்த செலவைத் தொழிலாளியிடம் வசூலிப்பதையும், அவருடைய பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பதையும் 2021ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தடுத்தது. பணிக்கொடையாக முதல் ஐந்து வருஷத்துக்கு வருஷம் 21 நாள் அடிப்படைச் சம்பளமும், அதற்கு மேல் வருஷத்துக்கு 30 நாளும் என்று அது வகுத்தது. நாற்பது பேருக்கு இது சிறிய தொகை அல்ல. மாதா மாதம் தனியே எடுத்து வைக்காதவர், கடைசியில் தொழிலாளியின் பணத்தில்தான் கட்டடம் கட்டியிருக்கிறார் என்று ஆகிவிடும்.

வெயிலைப் பற்றி வைத்தியன் என்ற முறையில் ஒரு வார்த்தை. 2005 முதல் அமீரகத்தில் கோடை மதிய ஓய்வு நடைமுறையில் உள்ளது. இப்போது ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணி வரை திறந்த வெயிலில் வேலை கூடாது. மீறினால் ஆளுக்கு 5,000 திர்ஹாம், அதிகபட்சம் 50,000 திர்ஹாம் வரை அபராதம். அந்த இரண்டரை மணி நேரம் சிறுநீரகத்தையும் இருதயத்தையும் காக்கிறது என்பதால் அதைத் திருட வேண்டாம் என்று கேட்கிறேன். அபராதம் அதற்குப் பிறகுதான்.

விபத்து நேர்ந்தால் உண்மையை உள்ளபடி, அன்றே எழுதுங்கள். சாரத்திலிருந்து விழுந்தவரைக் கூட்டி வந்து, "ரூமில் வழுக்கி விழுந்தார்" என்று எழுதச் சொல்பவர்களை நான் சந்தித்திருக்கிறேன். எந்த டாக்டரும் அப்படி எழுதக்கூடாது, எழுதவும் மாட்டார். வேலையில் காயம் பட்டவருக்கு வைத்தியச் செலவும், ஆறு மாதம் வரை முழுச் சம்பளமும், தேவையானால் மேலும் ஆறு மாதம் பாதிச் சம்பளமும் அதே சட்டம் கொடுத்திருக்கும் உரிமை. இன்ஷூரன்ஸ் எடுத்தவர் இதற்குப் பயப்பட வேண்டியதே இல்லை. ஒரு பொய்யான வரி அவருடைய குடும்பத்தின் சோற்றைப் பறித்துவிடும். எழுத்து நம்மைக் காப்பாற்ற வேண்டும் என்று விரும்பும் நாம், அதே எழுத்தால் நமக்குக் கீழே இருப்பவரை ஏமாற்றக்கூடாது.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

ஒருவர் வீழ்ந்துவிட்டால் நம் சங்க அன்பர்கள் ஓடி வருகிறார்கள். டிக்கெட்டுக்கும் வாடகைக்கும் பணம் திரட்டுகிறார்கள். அந்த நல்ல மனதை நான் வணங்குகிறேன். ஆனால் கையெழுத்துப் போடுமுன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து படித்துச் சொல்ல ஆள் இருந்தால், அந்த வசூலில் பாதிக்குத் தேவையே இருக்காது.

நம்மிடையே இன்ஜினீயர்கள் இருக்கிறார்கள், குவாண்டிடி சர்வேயர்கள் இருக்கிறார்கள், அக்கவுண்டண்டுகள் இருக்கிறார்கள். மாதத்தில் ஒரு மாலை, பூஜை முடிந்து பிரசாதம் வாங்கிய பிறகு, ஒரு மேஜை போட்டு உட்காரலாம். ஒப்பந்தத்தைக் கொண்டு வருபவருக்கு, இதில் பணம் எப்போது வரும், நோட்டீஸ் எத்தனை நாள், கியாரண்டி எப்படி என்று எளிய தமிழில் சொன்னால் போதும். சிக்கல் என்று தெரிந்தால் லைசென்ஸ் உள்ள வக்கீலிடம் அனுப்பலாம். நான் மேலே எழுதியவற்றில் சட்டம் சம்பந்தப்பட்டவை பெரும்பாலும் அமீரகத்துக்கு உரியவை. கத்தார், ஓமான், சவூதி, குவைத், பஹ்ரைன் ஆகிய நாடுகளில் விதிகள் மாறும். அமீரகத்திலும் சட்டங்கள் அடிக்கடி திருத்தப்படுகின்றன. கையெழுத்திடும் நாளில் உள்ள நிலையை விசாரித்துக்கொள்வது அவரவர் கடமை.

அந்த மேஜைக்கு முதல் வருஷத்துக்கான ஃபைல்களையும் டயரிகளையும் என் செலவில் வாங்கித் தருகிறேன். முப்பது வருஷம் வெயிலில் உழைத்துச் சேர்த்ததை முப்பது வரி படிக்காததால் இழக்கும் நிலை நம்மில் ஒருவருக்கும் வரக்கூடாது. காண்டிராக்ட் எடுக்கும் அன்பர்கள் இன்று இரவே ஒரு டயரியை எடுத்து, மேலே பிள்ளையார் சுழி போட்டு, இன்றைய வேலையை எழுதத் தொடங்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.